ரீடயல் பட்டன்

புத்தூரில் எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான் இருந்தது. எதிர்வீட்டு மாமாவின் கறுப்பு போன். விரலை விட்டுச் சுற்றுகிற வகை. யாருக்கு அழைப்பு வந்தாலும் அவர் வீட்டுக்குப் போய், அவர் முகம் பார்த்துத்தான் பேச வேண்டும். எனக்கு இருபத்துமூன்று வயதானபோது நைனா எங்கள் வீட்டில் பட்டன் போன் வைத்தார். தெரு மொத்தமும் எங்களிடம் வரத் தொடங்கியது. மாமாவுக்கு அது பொறுக்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்கு முந்தைய புதனன்று மாமா வந்தார். தன் போன் வேலை செய்யவில்லை, சித்தூரில் இருக்கும் தம்பியிடம் பேச வேண்டும் என்றார். நம்பரை நான் அழுத்தித் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று தானே ஒவ்வொரு பட்டனாகத் தேடி அழுத்தினார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

அவர் போனதும் ரீடயலை அழுத்தினேன். கடைசியாக அழைத்த நம்பர் போனில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு அம்மாள் எடுத்தார். புத்தூரிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். மாமாவின் மகள் என்று நினைத்துவிட்டார்.

“உங்க நைனா இப்பதான் பேசினாரும்மா. எதிர்வீட்டுப் பொண்ணுக்கு வலிப்பு வருதுன்னு நல்லவேளை சொன்னாரு. ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கே வந்துர்றோம்.”

வாங்க என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள், வரவில்லை என்று எங்களுக்குத் தகவல் வந்தது. நைனா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை.

ஞாயிறன்று எதிர்வீட்டின் முன் கார் நின்றது. டிபன் தட்டு வைக்கும்வரை பொறுத்திருந்து உள்ளே போனேன். கூடத்தின் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“போன்ல பேசினது நான்தாம்மா. வலிப்பு வர்ற பொண்ணும் நான்தான். வருதான்னு பாத்துக்கினு இருங்க.”

மாமா சுவரோடு ஒட்டி நின்றார். அந்த அம்மாள் தட்டைத் தொடாமல் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பட்டுப்புடவையில் அறைவாசலில் நின்ற மாமாவின் மகள் அழுதாள். என்னோடு படித்தவள், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு திருப்பதிக்காரர்கள் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். முடியாது என்று நைனாவைச் சொல்ல வைத்தேன். எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது, கோலூன்றி நடந்துவந்த மாமா என் எதிரே நின்றார்.

“அதெல்லாம் மறந்துடும்மா.”

“மறக்கமாட்டேன் மாமா” என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.