படிக்காமல் போட இருந்த கையெழுத்து

இன்று காலை, அம்மாவின் ரிப்போர்ட் வாங்க கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்டு கவுன்ட்டரில் நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் வெள்ளகோவில்காரர் ஒருவர். விசைத்தறி ஓட்டுபவர். அவர் மனைவி மூன்று நாளாக ஐசியூவில் கண் திறக்கவில்லை.

"அந்த ஊசி ஒத்துக்காதுன்னு முதல்லயே சொன்னனுங்க. நர்சம்மா எழுதிக்கிட்டாங்க. அப்பறமும் போட்டுட்டாங்க. வக்கீல் கேஸ் ஷீட் காப்பி கேக்கறாருங்க," என்றார்.

கவுன்ட்டர் ஊழியர் ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டினார். "இதுல சைன் பண்ணுங்க, தர்றோம்."

வெள்ளகோவில்காரர் பேனாவோடு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இதுல என்னன்னு போட்டிருக்குதுங்க?"

சத்தமாகவே படித்துச் சொன்னேன். சிகிச்சையில் குறையில்லை, வழக்குப் போட மாட்டேன் என்று இருந்தது.

"உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்று ஊழியர் முறைத்தார். அம்மா இவர்களிடம்தானே மேல்மாடியில் படுத்திருக்கிறார்.

வெள்ளகோவில்காரர் பேனாவை மூடினார். "கையெழுத்து போடறதில்லீங்க. காப்பி வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறனுங்க."

ஒன்றரை மணி நேரம் நின்றார். கடைசியில் மேனேஜரே வந்து காப்பியைக் கொடுத்தார். அவர் அதை என்னிடம் நீட்ட, புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், நர்ஸின் எழுத்தில், அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று தெளிவாக இருந்தது.

நேற்று அம்மாவின் ஆபரேஷனுக்கு நான் ஆறு இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் எத்தனை இடத்தில்?