வாக்கு எண்ணிக்கையும் ஒரு பச்சை வளையலும்

அமெரிக்கத் தேர்தலில் நமக்கு ஒரு வசதி. அங்கே ராத்திரி எண்ணுகிற ஓட்டெல்லாம் மயிலாப்பூருக்கு இட்லி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். அன்று தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்தவன், வரைபடம் நிறம் மாற மாற, சட்னியைத் தொட மறந்து வெறும் இட்லியாகவே விழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே ஓட்டு கிடையாது. என் மகளுக்கும் கிடையாது, அங்கே வேலை விசாவில் இருப்பவள். ஆனால் அவள் வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை.

போன வருடம் அவளுக்கு மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்தது. ரத்தம் நிற்கவில்லை. அவள் இருக்கும் மாநிலத்தில் கருக்கலைப்புக்குத் தடை. தானாகக் கலைந்ததைச் சுத்தம் செய்யக்கூட டாக்டர் பயந்துபோய், மருத்துவமனை வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். வரும்வரை அவள் ரத்தத்தோடு காத்திருந்தாள். இப்படிப்பட்ட தடைகளை நீக்குவோம் என்று சொன்ன கட்சி இப்போது என் கண் முன்னால் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த முறையும் ஏதாவது ஆனால் முதலில் யார் வருவார், டாக்டரா வக்கீலா?

இந்தக் கவலையில் நான் சில மாதங்களாகவே உலக நிபுணன் ஆகியிருந்தேன். போலந்தில் ஆட்சி மாறியும் கருக்கலைப்புச் சட்டம் மாறவில்லை, அர்ஜென்டினாவில் ஒரு ஆட்சி கொடுத்ததை அடுத்த ஆட்சி முறைக்கிறது என்று நடைப்பயிற்சியில் முழங்குவேன். கூட நடக்கும் பள்ளிக்காலச் சிநேகிதன் ஒருநாள் நின்றுவிட்டான். "மச்சி, நம்ம தெருவுல சாக்கடை பொங்குது. நீ ஏன்டா போலந்துலயே நிக்கிற?"

ஓட்டு எண்ணிய அன்று காலை எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்! ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்து வந்துவிட்டால் எந்த நாட்டுத் தேர்தல் என்ன செய்யும்? மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் மகளுக்கு விமான டிக்கெட், அடையாறில் டாக்டர், தேனாம்பேட்டையில் மண்டபம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வளையல் வாங்க தி. நகருக்குப் பறந்தேன்.

"பொண்ணு கை இன்னா சைஸ் நைனா?" என்றார் கடைக்கார அம்மா.

"சாதாரண கைதான்."

"கேட்டுகினு வர்றதில்ல?"

"என் கை மாதிரிதான் இருக்கும்" என்று நீட்டினேன்.

"ஐய, இது கையா, ஒலக்கையா?" என்றவர், "லூசா வுடு, லூசா வுடு" என்று பிசைந்து ஒரு பச்சைக் கண்ணாடி வளையலை ஏற்றியே விட்டார். ஏறியது. இறங்கவில்லை. சோப்பு போட்டும் இறங்கவில்லை.

"ஒடைச்சிடட்டா?"

"ஐயோ, வேணாம்மா!" நான் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. ராகுகாலம் பார்க்காதவன் என்று பீற்றிக்கொள்பவன்தான் நான். ஆனால் மகளுக்கு வாங்கிய வளைகாப்பு வளையல் உடைவதைப் பார்க்க அன்று தைரியம் வரவில்லை.

வீட்டில் தேங்காய் எண்ணெயும் தோற்றது. மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. மாலையில், அங்கே விடிந்ததும், மகள் வீடியோவில் வந்தாள். முழுக்கைச் சட்டைக்குள் வளையலை ஒளித்துக்கொண்டு என் ஏற்பாடுகளைப் பெருமையாக அடுக்கினேன்.

அவள், "அப்பா, இங்க எனக்கு என்ன நடக்கணும்னு ஊரே ஓட்டு போட்டு முடிவு பண்ணுது. நீங்க ஓட்டுகூட போடாம முடிவு பண்ணிட்டீங்களே!" என்றாள்.

"பயத்துல பண்ணிட்டேன்மா."

"எனக்குப் பயமில்லையா? போன மாசமே வேற மாநிலத்துக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். அங்க டாக்டர் யாரையும் கேக்க வேண்டியதில்ல. அடுத்த வாரம் வீடு மாறுறோம். பிரசவத்துக்கு அம்மா மட்டும் வரட்டும்."

"நாளைக்கு நாடு முழுக்கச் சட்டம் போட்டா?"

"போட்டா அப்போ பாப்போம். நீங்க டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்க. வளையலை அம்மாகிட்ட குடுத்தனுப்புங்க."

"ஒண்ணு மட்டும் வராதுடி" என்று மனைவி என் சட்டைக் கையை மேலே தள்ளினாள்.

மகள் சிரித்தாள். போன வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழட்டாதீங்கப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மனைவி விமானம் ஏறிவிட்டாள். நான் சென்னை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிகிறேன். "மச்சி, கல்யாணக் களை வந்துடுச்சு" என்கிறான் சிநேகிதன். டி.வி.யில் அந்த நாட்டுச் செய்தி வந்தால் இப்போதும் பதறி எழுந்துவிடுகிறேன். உடனே இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்கிறேன். குழந்தை பிறக்கும்வரை இந்த வளையல் எங்கேயும் இடித்துவிடக் கூடாது.