கண்மாயில் கருவை வெட்டிய நாள்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியைப் பார்க்க இப்போது வெளியூர்களிலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் நிற்கும் கண்மாய், சத்துணவுக்குக் காய் தரும் தோட்டம், வீட்டுக்கு வீடு முருங்கை. ஒரு பள்ளிக்கூடம் ஊரையே திருத்திவிட்டதே என்று வியக்கிறார்கள். வியக்கட்டும், பொய்யில்லை. எனக்குத்தான் அந்தக் கரையில் நிற்கப் பிடிக்காது.

நான் ஏழாவது படித்தபோது அந்தக் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவை. உள்ளே போனால் பாவாடை கிழியாமல் வெளியே வர முடியாது. நிலத்தடித் தண்ணீரை அந்த மரம் குடித்துவிடும் என்று அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். போதாதா எங்களுக்கு? தெருத்தெருவாகக் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டோம். வீட்டுக்கு ஓர் ஆள் அரிவாளோடு வரவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது.

எங்கள் வீட்டு ஆள், சித்தி. சித்தப்பா செத்த பிறகு அம்மா தன் தங்கையைக் கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா புருசன் சோற்றை உட்கார்ந்து தின்னமாட்டேன் என்று சித்திக்கு ஒரே ரோஷம். அந்தக் கருவையைத்தான் வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்குவாள். கறம்பக்குடி வியாபாரி வந்து மூட்டைகளை ஏற்றிப்போவார். அந்தக் காசில் வீட்டுக்கு அரிசி வாங்கிப்போட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

முந்தின நாள் சாயங்காலம் எனக்குத் தலை பின்னியபடியே கேட்டாள்.

"ஏண்டி, எல்லாத்தையுமா வெட்டணும்? அங்கிட்டு, மடைக்குப் பின்னாடி கொஞ்சம் விட்டா ஆகாதா?"

"ஒண்ணுகூட விடக் கூடாது சித்தி. வேரோட எடுக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"டீச்சர் சொன்னா சரித்தான்" என்று சடையை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் அவள் வெட்டியதை ஆம்பளைகளே நின்று பார்த்தார்கள். தலைமை ஆசிரியர் அவளுக்குத் துண்டு போர்த்தினார். நான் கை வலிக்கத் தட்டினேன். வெட்டிய விறகு முழுவதையும் அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊர் பெருந்தன்மையாகச் சொல்லியது. இனிமேல் நீ என்ன செய்வாய் என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். அவ்வளவு படித்தவர்கள் இருந்தோம், ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்புறம் எங்கள் வீட்டுப் பின்னாலிருந்த பொட்டலில் மூட்டம் மூட்டமாகப் புகைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா சித்தி, எங்களாலதான ஒனக்கு இம்புட்டு வெறகு!"

கரி படிந்த விரலால் என் கன்னத்தில் ஒரு கோடு போட்டாள். "ஆமா தாயி, எல்லாம் ஒங்க புண்ணியம்" என்று சிரித்தாள்.

கடைசி மூட்டையும் விற்ற வாரம், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்ற வேன் வந்தது. அம்மா அழுதாள். "இங்க ஒனக்குக் கஞ்சி இல்லையா?" என்று அப்பா சத்தம் போட்டார். சித்தி பையைத் தூக்கி வேனுக்குள் வைத்தாள். நான் மட்டும் குஷியாக இருந்தேன். கையில் காசு சேர்ந்துவிட்டது, ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்து, எனக்கு ஒரு சுடிதார் வாங்கிவரச் சொன்னேன். வேனில் இருந்த மற்ற அக்காமார்களிடம், எங்கள் கண்மாயில் இப்போது ஒரு கருவைக் குச்சிகூடக் கிடையாது என்று பெருமையடித்தேன். அதனால்தான் சித்தி போகிறாள் என்று எனக்குப் படவே இல்லை.