காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நாங்கள் மேசையைச் சுற்றியிருந்து நண்டுச் சதை எடுத்துக்கொண்டிருந்தோம். தொலைபேசியை வைத்த மேற்பார்வையாளர் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"மேசையிலை இருக்கிறதை முடிச்சுப்போட்டு அழுங்கோ. நண்டு பழுதாப் போயிடும்."

முடித்தோம். இதை இப்போது எழுதுகிறேன். துக்கத்தால் மட்டும் அல்ல.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்காவற்றுறையில் கடற்றொழில் குடும்பமொன்றில் பிறந்தவர். கணவர் முதுகு அடிபட்டுக் கடலுக்குப் போக இயலாமல் படுத்த பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளையும் படிப்பிப்பதற்காக மண்கும்பான் பக்கமுள்ள எங்கள் நண்டுத் தொழிற்சாலைக்கு வந்தார். நான் சரவணையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மத்தியான மணி அடித்தும் எழும்பப் பயந்து இருந்தேன். "எழும்பும் பிள்ளை. இந்தச் சாப்பாடு அவையின்ரை தருமமில்லை, உம்மடை உழைப்பு," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான்.

பின்பு அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டியது. எங்களுக்கும் கூடியது. ஆனால் அதே மாதம் மத்தியானச் சாப்பாட்டையும், எங்களை ஏற்றி இறக்கிய வானையும் நிறுத்தினார்கள். கூடிய காசு பஸ்சுக்கும் சாப்பாட்டுப் பார்சலுக்கும் போய்விட்டது. அக்கா நேரே முகாமையாளரின் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சட்டம் சொன்னதைத் தாறம்தானே அக்கா," என்றார் அந்த இளம் முகாமையாளர். "அதுக்கு மேலை கேட்டால் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான்."

"சட்டம் சொன்னது ஆகக் குறைஞ்சது, தம்பி. அதுக்கு மேலை குடுக்கக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சோறு, பஸ், பிள்ளையளின்ரை படிப்பு, வருத்தம் வந்தால் மருந்து. இதிலை எதை விடச் சொல்லுறீர்?"

"போய் வேலையைப் பாருங்கோ" என்பதுதான் பதில்.

வெளியே வந்ததும் சிலர் அக்காவையே ஏசினார்கள். பூட்டினால் எங்கே போவது என்று கேட்டார்கள். அந்தப் பயத்தில் பொய்யில்லை. தீவில் வேறு வேலை எங்கே இருக்கிறது? "பூட்டமாட்டினம். பெட்டி பெட்டியா வெளிநாட்டுக்கு ஏத்திறது எங்கடை கையாலைதானே," என்றார் அக்கா.

கடைசியில் அவர் விட்டது மருந்தைத்தான். போன மாதம் நண்டு ஓடு அவருடைய வலக்கையை வெட்டியது. கை வீங்கிக் காய்ச்சலும் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கெஞ்சினேன்.

"ஒரு நாள் வராமல் நிண்டாலும், மாதம் முழுக்க வந்தால் தாற வரவுக் காசை அப்பிடியே வெட்டுவினம். மூத்தவளுக்கு வகுப்புக் காசு கட்ட வேணும். இந்தக் கிழமை போகட்டும்."

அந்தக் கிழமை முடிய முதலே வேலை செய்த இடத்தில் சரிந்து விழுந்தார். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிருமி இரத்தமெல்லாம் பரவிவிட்டது என்றார்கள்.

செத்தவீட்டில் சிலர் விதி என்றார்கள். விதி இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு குடும்பமே தடுமாறும் என்ற அளவில் சம்பளத்தை வைத்திருப்பவர்கள் மனிதர்கள். அவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், வருத்தம் வந்தால் படுக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரான எங்கள் முகாமையாளர் மலர்வளையத்தோடு வந்தார். ஒலிவாங்கியை வாங்கி, "காய்ச்சலோடும் கடமைக்கு வந்த ஊழியர்" என்று அக்காவைப் புகழ்ந்தார். மூத்த மகள் எழும்பினாள்.

"அம்மா கடமையெண்டு வரேல்லை, சேர். வராட்டில் வெட்டுவியள் எண்டுதான் வந்தவ."

முகாமையாளர் ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

பெட்டியை மூடுமுன் கடைசியாகப் பார்த்தேன். அக்காவின் கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். தொழிற்சாலையில் நாங்கள் எத்தனையோ தரம் கேட்டும் நல்ல கையுறை கிடைத்ததில்லை. இது புதியது. ஆனால் வீங்கிய வலக்கைக்கு அது ஏறவில்லை. ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் போட்டிருந்தார்கள்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் ஆன்மா சாந்தியடையட்டும் என்று எல்லோரும் மன்றாடுகிறார்கள், நானும் மன்றாடுகிறேன். எனக்கு மட்டும் அந்தச் சாந்தி இப்போது வேண்டாம்.