பினாங்குக்காரர் வீட்டு ஆலமரம்

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் ஒரு போன்சாய் மரத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். “இலையெல்லாம் கொட்டுது, என்னன்னு பாருங்க சார்.” கவிழ்த்தேன். மண்ணே இல்லை. வேரை வேர் சுற்றி, தட்டின் வடிவத்துக்கே இறுகிக் கிடந்தது. அந்த ஈர வேர் வாடை மூக்கில் ஏறியதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அவரிடம் கண் சரியில்லை என்று சாக்குச் சொன்னேன். உங்களிடம் சொல்ல என்ன.

அறுபதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பங்களாவில் எனக்குத் தோட்ட வேலை. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவனுக்குச் செடிகொடிதான் சோறு போட்டது. வயது முப்பது, இரண்டு பிள்ளைகள். இலஞ்சியிலிருந்து தினமும் சைக்கிள். முதலாளி பினாங்கில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு சீனரிடம் பழகிய வித்தையில் ஆல், அரசு, புளி என்று பதினொரு மரங்களை முழ உயரத்துக்கு மேல் விடாமல் வைத்திருந்தார். போன்சாய் என்ற பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. குட்டை மரம், அவ்வளவுதான். சாரலுக்குக் குளிக்க வருகிற பெரிய மனிதர்கள் இதையும் ஆறாவது அருவி மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

பங்குனியில், தளிர் விடுவதற்கு முன், மண் மாற்ற வேண்டும். மூங்கில் குச்சியால் வேர்ச்சிக்கை நீவி, மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வைப்பேன். முதலாளி சாய்வு நாற்காலியில் இருந்தபடி, “இன்னும் வெட்டுலே. வலிக்குதுன்னு மரமா சொல்லுது?” என்பார். அப்போது அவர் பார்வை மரத்தில் இருக்காது. கதவோரம் நிற்கிற மனைவி மேல் இருக்கும்.

அந்த வீட்டம்மாவை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளை இல்லை. செங்கோட்டையில் அண்ணன் இருந்தார். பக்கத்து ஊர்தான், ஆனாலும் முதலாளி போக விடமாட்டார்.

ஒரு பங்குனியில் முதலாளி கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டார். நான் ஆலமரத்தைக் கவிழ்த்துப் போட்டு வேரை நீவிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“இத ஒண்ணையாவது தரையில வச்சிருவமா?”

“மொதலாளி கேட்டா?”

“பட்டுப்போச்சுன்னு சொல்லுதேன்.”

கிணற்றடிக்குப் பின்னால் நட்டேன். அன்றைக்கு வீடு போகிற வரைக்கும் நான் ரொம்ப நல்லவன் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

சாரல் மழையில் அது கிடுகிடுவென்று வந்தது. அடுத்த பங்குனிக்குள் ஆள் உயரம். முதலாளி கிணற்றடிப் பக்கமே வரவில்லை. அவருக்குத் தெரியாது என்றே இருந்தோம். ஒரு நாள் காலையில் எங்கள் இரண்டு பேரையும் அங்கே கூப்பிட்டார். கையில் அரிவாள்.

“யாரு நட்டது?”

என் பிள்ளைகள் முகம் கண்ணில் வந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

“நாந்தான்,” என்றார் அம்மா.

“அப்போ நீயே வெட்டு. ஒரு வருசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நல்லா வளரட்டும்னுதான் விட்டேன்.”

அரிவாள் பிடித்துப் பழகாத கை. ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு இடத்தில் விழுந்தது. ஆலம்பால் தெறித்துச் சேலையெல்லாம் ஒட்டியது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். “ஏலே, நில்லு,” என்றார் முதலாளி. நின்றேன். மரம் சாய்வதற்குச் சற்று முன்னால் அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

மறு வருடம் முதலாளி மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நல்ல சித்திரை வெயில், குட்டை மரங்களுக்கு ஊற்றப் பூவாளியைத் தூக்கினேன்.

“வை கீழே,” என்றார் அம்மா. ஒரு வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

“பட்டுப்போயிருமேம்மா.”

“தெரியும். நீ தெனமும் வா. இங்கன நின்னு பாரு. தண்ணி மட்டும் ஊத்தாதே.”

முதலாளியின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அம்மா பார்த்தார். நான் நின்று பார்த்தேன். அரசு நாலு நாளில் சுருண்டது. புளி பதினொரு நாள் தாங்கியது. கடைசி இலையும் உதிர்ந்த அன்று, “இனி நீ போலாம்,” என்றார். போய்விட்டேன். அவரும் வீட்டை விற்றுவிட்டுச் செங்கோட்டைக்குப் போனதாகக் கேள்வி.

பங்களாவை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். கிணற்றைத் தூர்த்து, அதன் மேல் சுற்றுலா வேன்களை நிறுத்துகிறார்கள். ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தேன். பதினொரு மரத்தின் வயதும் இன்றைக்கும் ஒப்பிப்பேன். அம்மாவின் பெயர் மட்டும் தெரியாது. நான் கேட்டதில்லை. முதலாளி கூப்பிட்டதெல்லாம் “ஏட்டி” என்றுதான்.