சுபாவின் டிராகனும் நான் திருத்தாத எழுத்தும்

கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சுபாஷினியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டா" என்றார். அழுதேன். பன்னிரண்டு வருடங்கள் அவளோடு சேர்ந்து மென்பொருள் எழுதியவள் நான். அந்த அழுகைக்கு நடுவிலும் ஓர் எண்ணம் வந்தது: இனி யாரும் என்னை அவளோடு ஒப்பிட மாட்டார்கள். அவளை அறிந்த உங்களிடம் அதை மறைக்க மனமில்லை.

ஐந்து வருடம் உழைத்து நான் ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி மென்பொருள் செய்தேன். பாராட்டினார்கள், பயன்படுத்தியவர்கள் குறைவு. சுபாவோ, தான் பைத்தியமாக வாசித்த ஒரு மாயக்கதைத் தொடரின் ரசிகர்களுக்காக, வெள்ளவத்தை வீட்டிலிருந்து இரண்டே வாரத்தில் ஒரு வேடிக்கை மென்பொருள் செய்தாள். நிறுவினால் கணினிக்குள் ஒரு கிழட்டு டிராகன் குடியேறும். கோப்பை அழித்தால், "சுட்டுச் சாம்பலாக்கிவிட்டேன், மன்னா" என்று எழுத்தில் தோன்றும். கணினி மெதுவானால், "எனக்கு எண்ணூறு வயது, அவசரப்படுத்தாதே" என்று கோபிக்கும்.

"அக்கா, வெளியிட முதல் ஒருக்கா எழுத்துப் பிழை பாத்துத் தாங்கோ" என்று அனுப்பினாள். ஓரிடத்தில் 'மன்னா' என்பது 'மண்ணா' என்று விழுந்திருந்தது. கண்டேன். "எல்லாம் சரி" என்று பதில் போட்டேன். நாலு பேர் அவளைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றிருந்தது.

சிரித்தார்கள்தான். டிராகனுக்கு வயதாகி நாக்குக் குழறுகிறது என்று ரசிகர்கள் அந்தப் பிழையையே கொண்டாடினார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் ஒருவரையொருவர் 'மண்ணா' என்று கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு கிழமை சாப்பாடு இறங்கவில்லை.

சென்ற மாதம், நோய் முற்றிப் படுத்திருந்தவளிடம் சொன்னேன்: "சுபா, அந்தப் பிழையை நான் கண்டனான்."

"தெரியும் அக்கா. உங்கட கண்ணுக்கு ஒரு புள்ளியும் தப்பாது."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"உங்களுக்கு எரிச்சல் வந்தாத்தான் எனக்கு அது நல்லா வந்திருக்கெண்டு விளங்கும்" என்று சிரித்தாள். பிறகு தன் மடிக்கணினியை என் பக்கம் தள்ளினாள். "இரண்டாம் பதிப்பு அரைவாசியில நிக்குது. இதையும் பாத்துத் தாங்கோ."

கொட்டாஞ்சேனை மலர்ச்சாலையில் அவள் உடலைப் பார்க்க முன்பின் தெரியாத ரசிகர்கள் வரிசையில் நின்று அழுதார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்த அரைகுறைப் பதிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. இந்தமுறை ஒரு பிழையும் விடாமல் திருத்திவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் வாய்விட்டுச் சிரித்தேன். இதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு வரிக்கும் வயிறு எரிந்தது.