வாசலுக்கு மேல் ஒரு கண்

நிறுவனத்தின் இணையதளத்தில் அவளுடைய வேலைக்கு இப்படி ஒரு விளக்கம் இருக்கிறது: "வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர். துடிப்பான இளம் அணியின் அங்கம். மாறாத புன்னகையுடன் வாடிக்கையாளரின் காலணிக் கனவுகளை நனவாக்குபவர்." அணி என்பது அவளும் கேஷியரும். அவளுக்கு நாற்பத்தேழு வயது, கேஷியருக்கு ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாகக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து ஊரார் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் மாறாத புன்னகையை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலு எட்டு நடந்து காட்டினால் போதும், சைஸ் சொல்லிவிடுவாள். இடது கால் வலது காலைவிடப் பெரிது என்பது, நாற்பது வருடமாக அந்தக் கால்களோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கே அவள் சொல்லித்தான் தெரியவரும். எட்டு என்று கேட்டு வந்தவர் எட்டரையைப் போட்டு நடந்து பார்த்து, அட ஆமாம் என்பார். கண்ணாடிக்குக் கண்ணாடி உலாத்துவார். பிறகு ஷூவின் நாக்கைத் தூக்கி உள்ளே இருக்கும் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விடுவார். மறுநாள் அதே ஷூ, கொஞ்சம் மலிவாக, பெட்டியில் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஒரு புண்ணியவான் அவள் எதிரிலேயே நின்று போனில் ஆர்டர் போட்டபடி, படத்தில் நிறம் சரியாகத் தெரியவில்லை, கறுப்பை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டதுண்டு. எடுத்துக் காட்டினாள்.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். தலைமை அலுவலகம்தான் வாசலுக்கு மேல் ஒரு கேமராவை மாட்டி வைத்தது. அது உள்ளே வரும் தலைகளை எண்ணும். நூறு தலைக்கு எத்தனை பில் என்று தினமும் ஒரு சதவீதம் போடும். அவள் அளவெடுப்பதில் கெட்டிக்காரி என்ற பேச்சு பரவப் பரவ, சும்மா அளக்க வருகிறவர்கள் பெருகினார்கள். அவர்கள் பெருகப் பெருக, சதவீதம் இறங்கியது. பதினாலுக்கு வந்ததும் ஏரியா மேனேஜர் வந்தார். மாதக் கடைசிக்குள் முப்பது ஆகாவிட்டால் அவளைக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிடங்கு ஊரின் மறுகோடி, இரண்டு பஸ். இப்போதோ வீடு பத்து நிமிட நடை. மதியம் போய்ச் சூடாகச் சாப்பிட்டு, கால் மணி நேரம் காலை நீட்டிவிட்டு வரலாம். அந்தக் கால் மணி நேரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நாத்தனார், தன் கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் தம்பி என்று படையோடு வந்து சேர்ந்தாள்.

"பசங்களுக்கு ஸ்கூல் ஷூ அண்ணி. அளவு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"அளவு மட்டும்னா?"

"மிச்சத்த இவரு போன்ல பாத்துக்குவாரு."

பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கிற குரல். ஐந்து தலை, பில் ஒன்றுகூட இல்லை என்று அவள் மனசுக்குள் கணக்கு ஓடியது.

"அங்கயே நில்லுங்க. ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாது."

செருப்புக் கடையில் யாரும் கேட்டிருக்க முடியாத பேச்சு. நாத்தனாரின் முகம் தொங்கிப்போயிற்று.

"நாங்க என்ன வேத்து மனுஷங்களா?"

"வேத்து மனுஷங்களா இருந்தா ஒரு ஜோடியாவது வாங்கியிருப்பாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, சின்னவனின் பழைய ஷூவில் கட்டைவிரல் முட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டுவிட்டது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் ஆகாது. முக்காலியையும் அளவுப் பலகையையும் நடைபாதைக்குத் தூக்கிவந்து இருவருக்கும் அளந்தாள். கேமரா ஒன்றையும் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

மறுநாளிலிருந்து முக்காலி நடைபாதையில். வருகிறவரைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். கையில் போனைப் பிடித்தபடி வந்தால் வெளியே. கண்ணாடி வழியாக விலைச்சீட்டைத் தேடிக் கண்ணைச் சுருக்கினால் உள்ளே. பெட்டி எடுக்க அவளே வாசல் வழியாகப் போனாலும் கேமரா எண்ணிவிடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் பின்சந்து வழியாகக் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிப் போய்வந்தாள். மழை நாளில் குடை. எட்டு மணி நேர வேலையில் பாதி இப்படி நடந்தே தீர்ந்தது. உனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து, அளக்க மாட்டேன் என்று அனுப்பிவிடேன் என்றார் கேஷியர். தப்பான ஷூவைப் போட்டுக்கொண்டு நம் தெருவிலேயே நொண்டுவார்கள், அதை யார் பார்ப்பது என்றாள்.

மாதக் கடைசியில் முப்பத்து மூன்று சதவீதம். மேனேஜர் போனில் ஒரு வெற்றிக் கோப்பையின் படம் அனுப்பினார். இரண்டு நாளில் கடிதம் வந்தது. முதல் பத்தியில் பாராட்டு. இரண்டாவது பத்தியில், கடைக்கு வருவோர் தொகை பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டதால், அந்தத் தெருவில் இனி ஷூ போட்டுப் பார்க்கும் கடை தேவையில்லை. ஆன்லைன் ஆர்டர்களைக் கொடுக்கும் இடமாக அது மாறும். அதற்குக் கேஷியர் ஒருவர் போதும். அடுத்த முதல் தேதியிலிருந்து அவள் கிடங்கில், திரும்பி வரும் சரக்குப் பிரிவில்.

அவள் மேனேஜரைப் போனில் பிடித்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"வெளிய நின்னவங்க யாரும் கணக்குல இல்லையேக்கா."

"அப்ப ஒரு மாசமா நான் யாருக்கு அளந்தேன்?"

"அதை சிஸ்டத்துல எப்படிக் காட்டறது, நீங்களே சொல்லுங்க."

முதல் தேதி அவள் இரண்டு பஸ் மாறிக் கிடங்குக்குப் போனாள். சாயங்காலம்வரை நின்றபடியே நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளைப் பிரித்தாள். அதில் தொண்ணூற்று நாலில், காரணம் கேட்கும் கட்டத்தில், "அளவு சரியில்லை" என்பதற்கு நேரே டிக் போட்டாள்.